பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பும் முன்: திரைக் கோளாறு கேள்வி பதில்

கேள்வி (அல்சூர்): அண்ணா, கேம் ஆடும்போது திரை கறுத்து, இரண்டு மூணு நொடியில் தானா வந்துடுது. கிராஃபிக்ஸ் கார்டு போச்சு, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டில் வேற வாங்கிடுன்னு நண்பர்கள் சொல்றாங்க. டிஸ்கார்ட், ஸ்டீம், கேம் வேகத்தைக் காட்டுற ரிவாடியூனர் எல்லாம் கூடவே ஓடும்.

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. கிராஃபிக்ஸ் கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) நிறுத்தி மறுபடி கிளப்பும். நீங்க பார்க்கிற கறுப்பு அதுவாக இருக்கலாம். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் போய் 4101 என்ற எண்ணைத் தேடுங்க. இருந்தால் டிரைவர் தொங்கியது உறுதி. ஏன் தொங்கியது என்று மட்டும் அது சொல்லாது.

நீங்க சொன்ன மூன்றுமே கேமுக்கு மேல் ஓவர்லே, அதாவது தங்கள் சொந்தப் படத்தை, போடுபவை. கேம் ஒரு ஃபிரேமை வரைந்து திரைக்கு அனுப்புகிற இடத்தில் இப்படிப்பட்டவை பெரும்பாலும் தங்கள் டிஎல்எல்லை (நிரல் துண்டை) நுழைக்கும். ஒரே குழாயில் மூணு பேர் குடம் வைக்கிற கதைதான். டிஸ்கார்ட், ஸ்டீம் செட்டிங்கில் ஓவர்லேயை அணையுங்க. ரிவாடியூனர் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தனியா உட்கார்ந்திருக்கும். அதையும் மூடிவிட்டு ஆடிப் பாருங்க.

கேள்வி (வைட்ஃபீல்டு): கேம் எதுவும் இல்லை சார், டெஸ்க்டாப்பே மினுக்குது.

பதில்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்க. அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிரைவர் பக்கம் கோளாறு: நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றும் நிலையில்) டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைக் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு, முன்பே இறக்கி வைத்த புதுசைப் போடுங்க. நெட் இருந்தால் விண்டோஸ் இடையில் தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடும்.

டாஸ்க் மேனேஜர் மட்டும் மினுக்காமல் இருந்தால் ஏதோ ஒரு மென்பொருள்தான். எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து, சர்வீசஸ் (பின்னணியில் ஓடுபவை) பகுதியில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தை முதலில் டிக் செய்யுங்க. இதை மறந்து எல்லாத்தையும் அணைத்துவிட்டு, உள்ளே நுழைய முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. உதாரணத்துக்கு, மிச்சம் 24 இருக்கிறதா? 12ஐ மட்டும் அணைத்து ரீஸ்டார்ட் பண்ணுங்க. மினுக்கல் நின்றால் ஆள் அந்த 12க்குள்; நிற்காவிட்டால் மற்ற 12க்குள். ஆள் இருக்கும் அந்த 12ஐப் பாதியாக்கி இதையே தொடருங்க. 5 ரீஸ்டார்ட்டில் ஒன்றில் வந்து நிற்கும். அதிலும் சிக்காவிட்டால் ஸ்டார்ட்அப் பட்டியலிலும் இதே முறை.

கேள்வி (கே.ஆர். புரம்): லேப்டாப்பில் ஓபிஎஸ் வைத்து ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணினா வெறும் கறுப்புதான் வருது. பாடம் எடுக்கணும்.

பதில்: இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பாக இருக்கும் மேடம். முழுத்திரையைப் பிடிக்க, ஓபிஎஸ் தனிக் கார்டில் இல்லாமல், பிராசஸரோடு சேர்ந்த (இன்டக்ரேட்டட்) கிராஃபிக்ஸில் ஓடணும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் போய் ஓபிஎஸ்ஸுக்கு பவர் சேவிங் கொடுத்து, மூடித் திறங்க. கேமைப் பிடிப்பதென்றால் தலைகீழ்: கேம் ஓடும் கார்டிலேயே ஓபிஎஸ்ஸும் ஓடணும்.

கேள்வி: ராத்திரியில் திரை மஞ்சளாகி, திடீர்னு வெள்ளையாகி, மறுபடி மஞ்சளாகுது. திரையை மஞ்சளாக்கும் எஃப்லக்ஸ் போட்டிருக்கேன்.

பதில்: அதே வேலையைச் செய்யும் விண்டோஸின் நைட் லைட்டும் ஆன்ல இருக்கும், இரண்டும் மோதிக்கும். ஒன்றை அணைச்சிடுங்க.

கேள்வி (அல்சூர், மறுபடி): மூணையும் மூடிட்டேன் அண்ணா. இன்னும் 4101 வருது.

பதில்: அப்போ ஓவர்லே மேல் பழி இல்லை. கார்டின் சூட்டைப் பாருங்க, பவர் கேபிளைக் கழற்றி இறுக்கிச் செருகுங்க, டிரைவரையும் மேலே சொன்ன மாதிரி துடைத்துப் போடுங்க. அதுக்கப்புறமும் வந்தால் எஸ்.பி. ரோடு போகலாம், கார்டைக் கையோடு எடுத்துப் போய், முதலில் இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.