டயரில் காற்றை இறுக்கி அடித்தால் சைக்கிள் வேகமாகப் போகுமா?

டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குக் காற்றடித்தால் வேகம் கூடுமா, உடம்பு வலிக்காமல் ஓட்ட எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருஷம் நானும் அந்த உச்ச அளவுக்கே அடித்து ஓட்டியவன், ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும், வேகத்துக்குக் கொடுக்கும் விலை அது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சக்கரம் உருளும்போது தரையைத் தொடுகிற இடத்தில் டயர் அமுங்கி நிமிர்கிறது. அமுங்குவதற்குப் போன சக்தி முழுசாகத் திரும்பி வராது, கொஞ்சம் ரப்பரிலேயே சூடாகிப் போய்விடும். காற்று கூடினால் அமுங்கல் குறையும், இந்த இழப்பும் குறையும். வழுவழுப்பான தரைக்கு இந்தக் கணக்கு சரி. ஆனால் ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் தார்ச்சாலையில், கல்லு மாதிரி இறுகின டயர் எந்த மேட்டையும் உள்வாங்காது, சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கித் தூக்கிப் போடும். அந்த ஆட்டத்துக்கான சக்தியும் நம் காலிலிருந்துதான் போகிறது. கையில் ஏறும் அந்த அதிர்வை மனசு வேகம் என்று எடுத்துக்கொள்கிறது, இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

நான் இதைச் சோதித்தே பார்த்தேன். காற்று வீசாத விடியற்காலையில் ஒரே சரிவில் பெடல் மிதிக்காமல் சைக்கிளை உருள விட்டு, எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டேன். என் எடை 70 கிலோ, டயரின் அகலம் 25 மில்லிமீட்டர். 110 பி.எஸ்.ஐ.யில் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு, பம்பில் காட்டுவது) ஐந்து முறை, 85இல் ஐந்து முறை. 85இன் கோடுகள் எல்லாமே சில அடி தள்ளித்தான் விழுந்தன.

காற்றடைத்த டயரின் கதையே இப்படித்தான் தொடங்கியது. ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று செய்து, 1888இல் காப்புரிமை பெற்றது அது. அடுத்த வருஷமே வில்லி ஹியூம் என்பவர் அயர்லாந்துத் தீவிலுள்ள பெல்ஃபாஸ்ட் நகரில் அந்த டயரோடு பந்தயத்தில் இறங்கி, கெட்டி ரப்பர் டயர்க்காரர்களை முந்தினார். இன்றைய பந்தய வீரர்களும் 23 மில்லிமீட்டர் டயரை விட்டுவிட்டு 28க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். அகலமான டயர் என்றால் குறைந்த காற்றே போதும்.

அதற்காகக் கண்டபடி இறக்கிவிடாதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபை நசுக்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டுவிடும், வளைவில் டயர் நெளியும். உச்ச அளவிலிருந்து ஒவ்வொரு முறையும் 5 பி.எஸ்.ஐ. குறைத்து, பழகின அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். டயர் நெளிகிற மாதிரியோ, ரிம் தரையில் இடிக்கிற மாதிரியோ தெரிந்தால் ஒரு படி மேலே வந்துவிடுங்கள். பாரம் பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் விழும், அதனால் முன் டயரில் கொஞ்சம் குறைவாக வைக்கலாம், கை வலிக்கு முதலில் பலன் தருவது அதுதான்.

அப்புறம், அளவு காட்டும் பம்ப் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் 80க்கும் 110க்கும் வித்தியாசமே தெரியாது.