பாரிஸ் மருமகளுக்கு ஒரு மீன் சலாது
(குசினிக் கேள்வி–பதில்)

கேள்வி: அன்புள்ள மாமா, பாரிஸில் இருக்கும் என் மகன் ஆவணியில் குடும்பத்தோடு வருகிறான். மருமகள் பிரெஞ்சுப் பிள்ளை. அவளுடைய நாட்டுச் சாப்பாடு ஒன்றாவது என் கையால் செய்து வைக்க ஆசை. சூரை மீன், அவித்த முட்டை, போஞ்சி, உருளைக்கிழங்கு போட்டு ‘சலாட் நிசுவாஸ்’ என்று ஒன்று செய்வார்கள் என்று மகன் சொன்னான். பத்துப் பேருக்கு மத்தியானம் வைக்க வேண்டும். நம் ஊர்ச் சாமானில் சரிவருமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: சரிவரும் தங்கச்சி. சொல்லப்போனால் இதற்கு வேண்டிய முக்கியமான சாமான் பாரிஸை விட உங்களுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் பலநாள் படகுகள் இறக்குகிற சூரையும், கெலவல்லா என்கிற பெரிய சூரை வகையும்தான் அது.

இது பிரான்சின் தெற்குக் கரையில் உள்ள நீஸ் நகரத்துச் சாப்பாடு. கிண்ணத்தில் போட்டுக் கிளறுகிற சலாது அல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியே அவித்து, தனித்தனியே உப்புப் பார்த்து, தட்டில் பக்கம் பக்கமாக அடுக்குவார்கள். நம்மவர்கள் பிழை விடுவது இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்தால் அது கிழங்குப் பிரட்டல்.

மருமகள் தட்டைப் பார்த்ததும் ‘இதில் கிழங்கு போடக் கூடாதே’ என்று சொல்லக்கூடும். பயப்படாதீர்கள், அது அவர்களுடைய ஊர்ச் சண்டை. நீஸுக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1846இல் பிறந்த எஸ்கோஃபியே என்ற பெரிய சமையல்காரர் கிழங்கையும் போஞ்சியையும் சேர்த்து எழுதிவைத்தார். பிறகு நீஸ் மேயராக இருந்த ஜாக் மெடசான் 1972இல் ஒரு சமையல் புத்தகம் எழுதி, முட்டையைத் தவிர அவித்தது எதுவும் இதற்குள் வரக் கூடாது, தக்காளியும் பச்சைக் காய்களும்தான் என்று அடித்துச் சொன்னார். நான் கிழங்குக் கட்சி. பத்துப் பேருக்குப் பச்சைக் காயை மட்டும் வைத்தால் உங்கள் வீட்டுக்காரர் சோறு எங்கே என்று கேட்பார்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சூரை வகை மீன் வெயிலில் கிடந்தால் அதற்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். பிறகு அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு முழுக்கக் கடிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் நினைப்போம், குற்றமோ ஐஸ் போடாத பெட்டியில். ஆகவே சைக்கிள் பெட்டியில் மத்தியானம் வரை ஊரைச் சுற்றிய சூரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். காலையில் ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்துத் தரும் துண்டாக ஒன்றேகால் கிலோ வாங்குங்கள். சமைத்த பிறகும் ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். மிளகு கடித்தது போல நாக்கு சுரீரென்றால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

ஒரு அங்குலத் தடிப்பில் வெட்டி, உப்புத் தடவிக் கால் மணித்தியாலம் வையுங்கள். அகலச் சட்டியில் தண்ணீர், நாலு பல்லு உள்ளி, கொஞ்சம் மிளகு, ஒரு தேசிக்காய்த் தோல். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் குமிழி வந்தால் போதும். அதில் மீனை இறக்கினால் எட்டுப் பத்து நிமிடத்தில் இதழ் இதழாகப் பிரியும். நடு வெந்ததா என்று பிய்த்துப் பாருங்கள். ஹோட்டல்களில் உள்ளே சிவப்பாக விடுவார்கள், பாசிக்குடாவில் வேலை செய்த காலத்தில் நானும் அப்படிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் வயதானவர்களும் பிள்ளைகளும் இருக்கும்போது அந்த வேலை வேண்டாம். ஆறியதும் எண்ணெய் பூசி மூடி பிரிட்ஜில் வையுங்கள்.

கிழங்கு ஒரு கிலோ, தோலோடு பச்சைத் தண்ணீரில் போட்டு உப்பிட்டு அவியுங்கள். சூடு இருக்கும்போதே உரித்து வெட்டி விநாகிரி தெளித்தால் உள்ளே இழுக்கும், ஆறிய கிழங்கு அப்படி இழுக்காது. போஞ்சி அரைக்கிலோவை உப்புத் தண்ணீரில் நாலைந்து நிமிடம் அவித்து உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். போஞ்சிக்கு மட்டும் புளிப்பை முன்கூட்டியே ஊற்றக் கூடாது, பச்சை நிறம் செத்து மங்கிவிடும். போஞ்சி விலை என்றால் பிஞ்சுப் பயத்தங்காய் நல்லது. முட்டை பத்து, கொதித்த தண்ணீரில் பத்து நிமிடம். தக்காளியை வெட்டி உப்புப் போட்டுத் தண்ணீர் வடிய விடுங்கள். கறிமிளகாயை மெல்லிய வளையமாக அரியலாம், முள்ளங்கி கிடைத்தால் அதுவும்.

ஒலிவ் காய் காத்தான்குடியில் பெரிய கடைகளில் போத்தலில் கிடைக்கும். வெரளிக்காய் அச்சாறு போட்டால் என்ன என்று யாராவது சொல்வார்கள். வெரளியும் ஒலிவும் பார்வைக்குத்தான் உறவு, சாதி வேறு. இனிப்பும் மிளகாயும் சேர்ந்த அச்சாறு அந்தத் தட்டையே தின்றுவிடும்.

மேலே ஊற்றுகிற குழம்புக்கு மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு விநாகிரி. கடுகு ஒரு கரண்டியை முதல் நாளே விநாகிரியில் ஊறவைத்து, அச்சாறுக்கு அரைப்பது போல அரைத்துச் சேருங்கள். கடுகுதான் எண்ணெயையும் புளிப்பையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கும். ஒலிவ் எண்ணெய் விலை நெஞ்சை அடைக்கும் என்றால் பாதிக்குச் சூரியகாந்தி எண்ணெய். தேங்காய் எண்ணெய் பிரிட்ஜில் உறைந்துவிடும், நல்லெண்ணெய் மணம் மீனை மறைத்துவிடும்.

ஆவணியில் கச்சான் காற்று வீசும். சலாது இலை மேசையில் பத்து நிமிடத்தில் துவண்டு போகும். கழுவி ஈரத் துணியில் சுற்றி பிரிட்ஜில் வைத்திருந்து, ஆட்கள் கை கழுவப் போகும்போது அடுக்குங்கள். குழம்பை முன்னுக்கு ஊற்றிவைக்க வேண்டாம். அப்புறம், மாசிச் சம்பலை அந்தத் தட்டில் வைக்காதீர்கள். சோறும் கறியும் பின்னால் வரட்டும், சம்பல் அதோடு வரட்டும்.

கேள்வி: மாமா, இந்த மாதிரிச் சலாதுகளில் வைன் விநாகிரி ஊற்றச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அதை வாங்குவதில்லை. வேறு என்ன செய்வது?
– வாசகர், கல்முனை

பதில்: தேசிக்காய்ப் புளி போதும் தம்பி, அல்லது தென்னை விநாகிரி. நீஸில் விநாகிரியே கூடாது, ஒலிவ் எண்ணெயும் உப்பும்தான் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். தேசிக்காய் என்றால் மூன்றுக்கு ஒன்று என்று அளக்காமல் நாக்கால் பாருங்கள், காய்க்குக் காய் புளிப்பு மாறும்.

கேள்வி: உல்லையில் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். அலைச் சறுக்கு விளையாட வரும் வெள்ளைக்காரர் இதைக் கேட்கிறார்கள். டின் மீனில் செய்யலாமா?
– வாசகர், பொத்துவில்

பதில்: எண்ணெயில் போட்ட சூரை டின் என்றால் தாராளமாக. நீஸிலும் டின் சூரை போடுகிறார்கள், அதில் வெட்கமில்லை. நம் கடைகளில் மலிவாக அடுக்கியிருப்பது பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை, அது கறிக்கும் கட்லட்டுக்கும் சரி, இதற்கு மணம் கூடிவிடும். உங்களுக்கு இன்னொரு யோசனை. அதே தக்காளி, மீன், முட்டை, ஒலிவ் எல்லாவற்றையும் உருண்டைப் பாணுக்குள் வைத்து எண்ணெயில் ஊறவிட்டு ‘பான் பன்யா’ என்று நீஸ் தெருக்களில் விற்கிறார்கள். கிழங்கு வேண்டாம். பலகையோடு கடலுக்குப் போகிறவர் கையில் கொண்டுபோகத் தோது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலில் அடுக்கிவைக்காதீர்கள், கேட்கும்போது பிரிட்ஜில் இருந்து எடுத்துக் கொடுங்கள்.