சுட்டி செத்துப்போனால்?

கேள்வி: பத்து வருடமாக இணையத்தில் கோயில் கட்டுரைகள் எழுதுகிறேன். அவற்றில் கொடுத்த பழைய சுட்டிகள் (லிங்க்) பல இப்போது திறப்பதில்லை. எழுநூறு கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கத்தான் வேண்டுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. விண்டோஸ் கணினி இருந்தால் 'ஸீனு லிங்க் ஸ்லூத்' என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் பக்கம் பக்கமாக அதுவே போய் ஒவ்வொரு சுட்டியையும் தட்டிப் பார்க்கும். செத்தவை சிவப்பில் நிற்கும். பக்கத்தில் ஒரு பிழை எண்ணும் வரும். 404 என்றால் அந்தப் பக்கம் அங்கே இல்லை. 403 என்று வந்தால் உடனே நீக்கிவிடாதீர்கள், சில தளங்கள் இயந்திரங்களை உள்ளே விடுவதில்லை. பிரவுசரில் திறந்து பாருங்கள்.

ஆனால் ஒன்று கருவிக்குப் பிடிபடாது. 2012-இல் நான் சுட்டி கொடுத்த ஒரு கல்வெட்டுப் பக்கத்தின் முகவரியை இப்போது சூதாட்டத் தளம் ஒன்று வைத்திருக்கிறது. பக்கம் திறக்கிறதே, அதனால் கருவி 'சரி' என்றே சொன்னது. பார்த்தபோது வயிறு எரிந்தது. முக்கியமான சுட்டிகளையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், செத்த சுட்டியை அழிக்காதீர்கள். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். அதில் பழைய முகவரியை ஒட்டினால் நாட்காட்டி வரும். நீங்கள் கட்டுரை எழுதிய தேதிக்குப் பக்கத்திலுள்ள பிரதியைத் திறந்து, அதன் முகவரியை மாற்றிப் போடுங்கள். எல்லாப் பக்கமும் கிடைக்காது. இனி எழுதும்போது, சுட்டி கொடுக்கும் பக்கத்தை அன்றைக்கே அங்கே சேமித்துவிடுங்கள்.