பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு ஊர் சூளகிரி. ஓசூரில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடைகிற சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் இசை செய்வதுதான் எனக்கு எல்லாம். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஆம்பியன்ட் என்பார்களே, ஓர் இடத்தின் சூழலை உணரவைக்கிற வாத்திய இசை, அது. பனி மூடிய மலை, ஐஸ்லாந்து, ஆளில்லாத கடற்கரை என்று எதையாவது மனதில் வைத்துத் தொடங்குவேன். இரண்டு நிமிடம் தாண்டினால் பேய்ப்படப் பின்னணி ஆகிவிடுகிறது. லேப்டாப் முழுக்கப் பாதியில் நிற்கிற டிராக்குகள்தான். அம்மாவிடம் போட்டுக் காட்டினால், "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்கிறார். வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அவர்கள் ஊரே இன்ஸ்பிரேஷன் தருகிறது. நம்ம பக்கம் பாறையும் வெயிலும் லாரியும்தானே இருக்கின்றன? ஒகேனக்கல் போய் அருவியைப் பதிவு செய்து வரலாமா? மின்னணு முறையில் ஒலி உண்டாக்குகிற கருவியான சிந்தசைசர், நல்லதாக ஒன்று இருந்தால் வழி பிறக்குமோ என்றும் தோன்றுகிறது. கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.
- சூளகிரி வாசகர்

பதில்: தம்பி, முதலில் ஐஸ்லாந்தை விட்டுவிடுங்கள். அந்த ஊர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அங்கே காற்று எப்படி அடிக்கும், ராத்திரியில் என்ன கேட்கும் என்று உங்கள் காதுக்குத் தெரியாது. தெரியாத இடத்தை இசையில் கொண்டுவரப் பார்த்தால், மென்பொருளில் யாரோ செய்து வைத்த ஆயத்த ஒலி, அதாவது ப்ரீசெட்தான் கைக்கு வரும். பேட் என்று நீளமாக இழுக்கிற ஒலி ஒன்று, அதற்கு மேல் ரிவெர்ப் என்கிற எதிரொலி, அது போதாதென்று இன்னொரு ரிவெர்ப். பேய் வருவது அந்த வழியாகத்தான். எந்தச் சத்தத்துக்கும் அளவில்லாமல் ரிவெர்ப் போட்டால் ஒரு கட்டத்தில் பேய் வந்தே தீரும்.

ஒகேனக்கல் போங்கள், பரிசலில் ஏறுங்கள், மீன் வறுவல் சாப்பிடுங்கள். அருவியை மட்டும் பதிவு செய்யாதீர்கள். அருவிச் சத்தத்தில் கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்ணும் கலந்து கிடக்கிறது. நேரில் நிற்கும்போது கண்ணும், முகத்தில் தெறிக்கிற சாரலும், காலடியில் பாறை அதிர்வதும் சேர்ந்துதான் அதை அருவியாக்குகின்றன. மைக்குக்குக் கண்ணும் இல்லை, முகமும் இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டால், ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி இருக்கும். அதே ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள் முதுகில் தட்டுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு. பரிசலின் அடியில் தண்ணீர் மொத்துகிற சத்தம் இன்னொன்று. இவற்றைக் கிட்டத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அருவி பின்னால் எங்கோ கேட்டால் போதும்.

ஆனால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம் என்பேன். உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் போதும். கடையெல்லாம் அடைத்த பிறகு, கம்பி வேலிக்கு வெளியே தள்ளி நின்று ஐந்து நிமிடம் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று ஓர் ஒலி விடாமல் வரும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கிற இரும்பு, கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டு தடவை நீண்டு சுருங்குகிறது. அதனால் காதில் விழுவது 100 ஹெர்ட்ஸ். ஆர்மோனியத்தில் தேடிப் பார்த்தால் கீழ் ஸ்தாயியில் 5 கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் நிற்கும். அந்த ஒலியோடு அதன் மடங்குகளும் சேர்ந்து வருகின்றன: 200, 300, 400, 500. நூறை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் 200 மேல் ஷட்ஜமம், 300 பஞ்சமம், 400 மறுபடியும் ஷட்ஜமம். அதாவது தம்பூராவின் தந்திகளில் மீட்டுகிற ஸ்வரங்களே. 500 எது தெரியுமா? அந்தர காந்தாரம். நல்ல தம்பூராவில் யாரும் மீட்டாமலே தானாகக் கேட்கும் என்று சங்கீதக்காரர்கள் சிலாகிப்பார்களே, அதே காந்தாரம்.

சூளகிரி மட்டுமல்ல, கிருஷ்ணகிரி, பாலக்கோடு, பென்னாகரம் என்று எங்கே போனாலும் இந்தச் சுருதி மாறாது. வீட்டில் ஃபிரிட்ஜ் முனகுவதிலும் இது இருக்கிறது. கரண்ட் போனவுடன் வீடு திடீரென்று வெறிச்சென்று ஆவதாகத் தோன்றுகிறதே, ஃபேன் நின்றது மட்டும் அதற்குக் காரணமில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சுருதி நின்றுபோகிறது. லேப்டாப்பில் 100 ஹெர்ட்ஸ் சைன் அலை, அதாவது மடங்குகள் கலக்காத தனி ஒலி ஒன்றை வையுங்கள். அதன் மேல் மற்ற நான்கையும் அடுக்கி, ஒவ்வொன்றின் சத்தத்தையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேகத்தில் மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஒரு ப்ரீசெட்டையும் தொடாமல் உங்கள் தெருவின் தம்பூரா கிடைத்துவிடும்.

இப்போது இந்த ஒலிக்கு ஓர் இடம் வேண்டும். 'கதீட்ரல்', 'பனிக் குகை' என்றெல்லாம் ரிவெர்ப் ப்ரீசெட் தேடாதீர்கள். உங்கள் பக்கத்தில் பாறையை வெட்டி இறக்கிய பெரிய கிணறுகள் இருக்கும். தண்ணீர் வற்றி, நல்ல கைப்பிடிச் சுவர் உள்ள ஒன்றாகப் பார்த்து, மொபைலில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, துணிப்பையில் வைத்துக் கயிற்றில் பாதி ஆழம் வரை இறக்குங்கள். பை ஆடுவது நின்றதும் மேலே ஒரு பலூனை ஊசியால் குத்துங்கள். 'டப்' என்பது ஒரு கணம்தான். அதற்குப் பின்னால் சுவரில் முட்டி முட்டித் தேய்ந்து வருகிறதே ஒரு வால், அதுதான் அந்தக் கிணறு. கன்வல்யூஷன் ரிவெர்ப் என்கிற வகை மென்பொருளில் அந்தப் பதிவைக் கொடுத்துவிட்டால், எந்த ஒலியைப் போட்டாலும் அந்தக் கிணற்றுக்குள் ஒலிப்பது போலவே வரும். ரீப்பர் என்கிற இசைப்பதிவு மென்பொருளோடு வருகிற ரியாவெர்ப் இதைச் செய்யும். தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கிணற்றடியில் பலூனும் கையுமாக நிற்கிற ஆளை ஊர் சும்மா விடாது. இன்னொன்று, பல மொபைல்கள் தாமாகவே பின்னணிச் சத்தத்தைக் குறைத்துவிடும். உங்களுக்கு வேண்டியதே அந்தப் பின்னணிதான் என்பதால், அதை நிறுத்த வசதியுள்ள, வேவ் கோப்பாகச் சேமிக்கிற ஆப்பாகப் பாருங்கள்.

சூளகிரி கொத்தமல்லிச் சந்தை உங்களுக்குப் பக்கம். விடியற்காலையில் கட்டு விலை கூவுகிற குரலில் பத்து விநாடி எடுத்து, ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டிங் மென்பொருளில் பால்ஸ்ட்ரெச் என்கிற எஃபெக்ட்டைக் கொடுத்து எட்டு மடங்கு நீட்டுங்கள். வார்த்தையும் விலையும் கரைந்து போய், பத்துப் பேர் சேர்ந்து மூச்சு விடாமல் பாடுகிற மாதிரி ஒன்று வரும். நீங்கள் தேடிக்கொண்டிருந்த பேட் அதுதான்.

வார்த்தையே இல்லாத ஒலி என்ன சொல்லிவிட முடியும் என்கிற சந்தேகம் உங்களுக்கும் உள்ளூர இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் பக்கத்துச் சங்கதி ஒன்று சொல்கிறேன். தர்மபுரி அந்தக் காலத்துத் தகடூர், அதியமான் ஊர். புறநானூற்று 89ஆம் பாட்டில் ஔவையார் அவனைப் பற்றி எதிரி அரசனிடம் பேசுகிறார். ஊர்ப் பொதுவில் தண்ணுமை என்கிற தோல் வாத்தியம் ஒன்று தொங்குகிறது. யாரும் அடிக்கவில்லை, காற்று வந்து அதன் முகத்தில் மோதுகிறது. அந்தச் சத்தம் காதில் பட்டதும் 'அது போர்' என்று துள்ளி எழுகிறவன் எங்கள் தலைவன் என்கிறார். வாசித்தது வெறும் காற்று. போர் என்கிற சேதி அதியமான் மனதில் இருந்தது. அதே ஒலியைக் கேட்டு, திருவிழாவுக்குக் கொட்டுகிறார்கள் என்று நினைத்த ஒரு குழந்தையும் அந்த ஊரில் இருந்திருக்கலாம். நீங்கள் 'இது சோகம்', 'இது தனிமை' என்று எழுதி ஒட்டிவிட்டால் கேட்கிறவருக்கு அங்கே வேலை இல்லை. காற்றாக இருங்கள், தோலில் மோதுங்கள். என்ன என்று அவர்கள் சொல்லட்டும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு அது கறாரான விமர்சனமாகப் படுகிறது. உங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் ஆர்மோனியம் சுருதி பிடிக்க, மிருதங்கமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து, கூத்து தொடங்கும் முன் நெடுநேரம் வாசித்துக் களரி கட்டும். கதையை அறிவிக்கிற கட்டியங்காரன் வரும் வரை சனம் பேசிக்கொண்டும் முறுக்கு தின்றுகொண்டும் உட்கார்ந்திருக்கும். 'கூத்து எப்போது?' என்று யாரும் தவிப்பதில்லை. அந்தச் சத்தம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா தவிக்கிறார் என்றால், உங்கள் டிராக் ஏதோ வரப்போகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டது. சினிமாப் பாட்டின் முன்னிசை மாதிரி ஏற்றிக்கொண்டே போய், ஏறின இடத்தில் ஒன்றும் இல்லாமல் விட்டிருப்பீர்கள். இரண்டாவது நிமிடத்தில் நீங்களே மாட்டிக்கொள்வதும் அதனால்தான். ஏற்றத்தை எடுத்துவிடுங்கள். கேட்கிறவருக்கு எந்த வாக்கும் கொடுக்காதீர்கள்.

ஆம்பியன்ட் என்ற பெயரை நிலைநிறுத்திய பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென்று ஓர் ஆல்பம் செய்தபோது சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: கவனிக்காமல் விடவும் முடிய வேண்டும், கவனித்தால் சுவையாகவும் இருக்க வேண்டும். அவர் செய்த வேலை ரொம்ப எளிமை. அதில் ஒரு பகுதியில் பாடிய ஒற்றை ஸ்வரங்களை வெவ்வேறு நீள டேப் வளையங்களில் ஓடவிட்டார். ஒன்று 23.5 விநாடிக்கு ஒரு தடவை வரும், இன்னொன்று ஏறத்தாழ 26, மற்றொன்று ஏறத்தாழ 30. நீளம் ஒத்துவராததால் அவை ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றையொன்று சந்திக்கின்றன; மெட்டு தானாக அமைகிறது. சந்தைக் குரலை மூன்று துண்டாக்கி இப்படி ஓடவிட்டு, அம்மா அவரைக்காய் நறுக்குகிற நேரத்தில் தாழ்வாக வையுங்கள். அவர் பாட்டுக்குக் காத்திருக்காமல், நிறுத்தச் சொல்லாமலும் இருந்தால் டிராக் தேறிவிட்டது.

வெளிநாட்டுச் சமாச்சாரம் நமக்கு ஒட்டுமா என்று யாராவது கேட்டால், ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969லேயே மூக் என்கிற வகை சிந்தசைசர் வந்து ஸ்டூடியோ ஓடியது, கீதா சாராபாய், அதுல் தேசாய் போன்ற இந்தியர்களே அதில் இசை செய்தார்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பழைய டேப்புகள் 2023இல் ஆல்பமாக வெளிவந்தன. தேடிக் கேளுங்கள்.

லாரிதானே இருக்கிறது என்று சலித்துக்கொண்டீர்கள். 1948இல் பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் சத்தத்தை வெட்டி ஒட்டித்தான் ஒரு புது இசை வகையையே தொடங்கினார். உங்கள் ஹைவே ராத்திரியில் வீட்டுக்கு அருகில் வந்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். தரை குளிர்ந்து மேலே காற்று சூடாக இருக்கும்போது, வானத்துக்குப் போக வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளைகிறது. பகலில் கேட்காத லாரி அப்போது கேட்கும். தூரம் போகப் போகக் கீச்சொலிகளைக் காற்று தின்றுவிடுவதால் அடித்தொனிதான் வந்து சேரும். தூரத்து உணர்வு வேண்டுமென்றால் ரிவெர்ப்பைக் கூட்டாமல் மேல் அதிர்வெண்களைக் குறைத்துப் பாருங்கள். சி.என்.சி. மெஷினைப் பதிவு செய்ய கம்பெனியில் விடமாட்டார்கள்; பல இடங்களில் மொபைலை வாசலிலேயே வாங்கி வைக்கிறார்கள். பரவாயில்லை, ஸ்பிண்டில் வேகம் மாறும்போது சுருதி எங்கிருந்து எங்கே போகிறது என்று முணுமுணுத்துப் பழகிக்கொண்டு வந்து வீட்டில் செய்யுங்கள். யானை பிளிறலைப் பிடிக்கிறேன் என்று ராகி அறுவடை நேரத்தில் தளி, அஞ்செட்டிப் பக்கம் காட்டோரத்தில் மட்டும் நிற்காதீர்கள். சொல்லிவிட்டேன்.

கடன் வேண்டாம். இங்கே சொன்ன அத்தனைக்கும் உங்கள் லேப்டாப்பும் ஹெட்போனும் போதும். ஆடாசிட்டி இலவசம். ரீப்பரைக் காசு கட்டாமல் 60 நாள் ஓட்டிப் பார்க்கலாம். பாதியில் நிற்கிறவற்றை ஒரு ஃபோல்டரில் போட்டு மூடிவிட்டு, புதிதாக ஒரு டிராக் தொடங்குங்கள். மூன்றே ஒலி: டிரான்ஸ்ஃபார்மர், கிணறு, சந்தைக் குரல். நான்காவதற்குக் கை பரபரத்தால், இருக்கிறதில் ஒன்றை எடுத்துவிட்டுச் சேருங்கள். ஆறு நிமிடம் வந்ததும் நிறுத்தி, பெயர் வைத்து, கோப்பாக ஏற்றுமதி செய்துவிடுங்கள். பெயரில் பனி வேண்டாம். இப்படி நாலைந்து முடித்த பிறகும் சிந்தசைசர் ஆசை போகவில்லை என்றால், பெங்களூரில் யாரோ விற்கிற பழையது ஒன்றை, சம்பளத்தில் சேர்த்த காசில் வாங்கிக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் எல்லாக் கட்டையையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.