மழைக்கு எந்தச் செயலி? – கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் வானிலைச் செயலிகளைப் பற்றி வந்து குவிந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் வானிலைத் துறையில் பணிபுரிந்தவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தாம்பரத்தில் மொட்டைமாடியில் மழைமானி வைத்துப் பல ஆண்டுகளாக நாள்தோறும் அளவு குறித்து வருகிறேன் என்பதே என் தகுதி.

கேள்வி: என் கைபேசியில் மூன்று செயலிகள் உள்ளன. ஒன்று வெயில் என்கிறது, ஒன்று தூறல் என்கிறது, மற்றொன்று இடியுடன் மழை என்கிறது. எதை நம்புவது?

செயலியை நம்புவதா என்று கேட்பதற்கு முன், அந்தச் செயலி எதை நம்புகிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலான செயலிகள் தாமாக வானத்தைப் பார்ப்பதில்லை. உலக அளவில் சில மையங்கள் பெரிய கணினிகளில் வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கைத்தான் வானிலை மாதிரி என்கிறோம். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 13 கி.மீ. அகலம் கொண்டது, ஐரோப்பிய மையமான இ.சி.எம்.டபிள்யூ.எஃப். மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 9 கி.மீ.; ஜெர்மனிக்கு ஐகான் என்ற மாதிரி உண்டு. செயலி இவற்றில் ஒன்றையோ பலவற்றின் கலவையையோ எடுத்து, அதற்கு ஒரு மேகப் படத்தையும் ஒரு சதவீதத்தையும் ஒட்டித் தருகிறது. ஆகவே உங்களுடைய மூன்று செயலிகளும் சண்டையிடவில்லை. அவற்றின் பின்னாலிருக்கும் கணக்குகள் வேறுபடுகின்றன, அவ்வளவுதான்.

மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விண்டி என்ற செயலி போதும். எச்சரிக்கைகளுக்கும் அடுத்த மூன்று மணி நேர நிலவரத்துக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் செயலி வேண்டும். எல்லா மாதிரிகளும் ஒன்றையே சொன்னால் குடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொன்று சொன்னால், யாருக்கும் தெரியவில்லை என்று பொருள் கொள்ளுங்கள்.

கேள்வி: பத்தாம் நாளில் சென்னைக்கு 300 மி.மீ. மழை என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே?

அந்தப் படத்தில், எந்த மாதிரி, எந்த நேரத்துக் கணக்கு என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? உலக மாதிரிகள் ஒரே நாளில் பலமுறை புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. காலைக் கணக்கில் சென்னைக்கு வரும் தாழ்வு மண்டலம் மாலைக் கணக்கில் ஆந்திராவுக்குப் போய்விடும். ஐந்து நாளுக்கு அப்பாலுள்ள மழை அளவைப் படமெடுத்து அனுப்பாதீர்கள் என்று ஆண்டுதோறும் சொல்கிறேன். இந்த ஆண்டும் சொல்லிவிட்டேன்.

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் குறுவை அறுவடை நடக்கிறது. நெல்லைக் களத்தில் காயப் போடலாமா என்று பார்க்க எது உதவும் ஐயா?

மேக்தூத் செயலியைப் பாருங்கள். 2019-இல் வந்தது, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மாவட்டத்துக்கான வேளாண் வானிலை அறிவுரை வெளியாகும், தமிழிலும் படிக்கலாம். ஆனால் அதிலும் மேகப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கைபேசியை மூடிவிடாமல், மழையளவு, காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். மழையே இல்லாவிட்டாலும் ஈரப்பதம் மிகுந்த நாளில் நெல் காயாது. காற்று மிகுந்த நாளில் மருந்து தெளித்தால் பக்கத்து வயலுக்குத்தான் போய்ச் சேரும். செப்டம்பர் மாதத்து இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் வரும் என்பதால், காலையில் பரப்பி, மூன்று மணிக்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிடுவது எந்தச் செயலியையும்விடப் பாதுகாப்பானது.

கேள்வி: முன்பு டார்க் ஸ்கை என்ற நல்ல செயலி இருந்தது. இப்போது ஏன் கிடைப்பதில்லை?

ஆப்பிள் நிறுவனம் அதை 2020-இல் வாங்கி, 2022 இறுதியோடு மூடிவிட்டது.

கேள்வி: எது மிகத் துல்லியமான செயலி?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: செயலி 36 பாகை என்கிறது, எங்கள் பால்கனியில் தொங்கும் வெப்பமானி 40 காட்டுகிறது. செயலி பொய் சொல்கிறதா?

உங்கள் பால்கனிச் சுவர் சூடேறியிருக்கிறது. வானிலை நிலையத்தில் வெயில் படாத, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து அளப்பார்கள்.

கேள்வி: ரேடார் படத்தை எப்படிப் படிப்பது?

இன்று வந்தவற்றில் நல்ல கேள்வி இதுதான். மாதிரி, நாளைக்கு என்ன நடக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. ரேடார், மேகத்தில் இப்போது எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. சென்னைத் துறைமுகத்திலும் காரைக்காலிலும் டாப்ளர் ரேடார்கள் உள்ளன. ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அடுத்தடுத்த நான்கைந்து படங்களை ஓடவிட்டு, பலத்த மழையைக் குறிக்கும் சிவப்புத் திட்டு எந்தத் திசையில் நகர்கிறது, வளர்கிறதா தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாலைகளில் அது ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கமிருந்து கடலை நோக்கி வரும். நவம்பரில் கடலிலிருந்து கரையேறும். படத்தின் மூலையில் இருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம் என்பதால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு, 10.00 என்று போட்டிருக்கும் பிற்பகல் மூன்றரை மணிப் படத்தைக் காலைப் படம் என்று நினைத்து, துணியைக் காயப் போட்டு நனையவிட்டவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: வானிலை மையம் எப்போது பார்த்தாலும் "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்கிறது. பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி, தப்பித்துக்கொள்கிறார்கள். செயலியாவது "மாலை 4 மணி, 40 சதவீதம்" என்று நேராகச் சொல்கிறது அல்லவா?

இந்தக் கேலியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. "ஓரிரு இடங்களில்" என்பது மழுப்பல் அன்று. அளவு குறித்த சொல். அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரையிலானவற்றில் மழை பதிவாகும் என்பது அதன் பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50 வரை. "அநேக இடங்களில்" என்றால் 51 முதல் 75 வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல். கால்வாசி நிலையங்களில் மழை பெய்யப்போவது உறுதி, எங்கே என்பது மட்டும் தெரியாது என்று வைத்துக்கொண்டால், உங்கள் வீட்டில் மழைக்கான வாய்ப்பு ஏறத்தாழ 25 சதவீதம். செயலி சொல்லும் சதவீதமும் இதே வகையானதுதான். நாளில் 40 சதவீத நேரம் பெய்யும் என்றோ, 40 சதவீதம் பலமாகப் பெய்யும் என்றோ அதற்குப் பொருள் இல்லை.

அதே நண்பர் மீண்டும்: அப்படியானால் 2021 டிசம்பர் 30 அன்று என்ன ஆயிற்று? சென்னையே மிதந்தது.

நியாயமான அடி. அன்று பெய்யத் தொடங்கிய பிறகுதான் சிவப்பு எச்சரிக்கை வந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் நீங்கள் புகழும் செயலிகளுக்குக் கணக்குத் தரும் மாதிரிகளில் பெரும்பாலானவையும் அந்தக் கனமழையைக் காட்டவில்லை. அத்தகைய நாளில் உதவக்கூடியது ரேடார் ஒன்றுதான்.

இன்னொரு நண்பர் இடையிட்டு: ஐரோப்பிய மாதிரி ஒன்று போதும், மற்றதெல்லாம் வீண்.

எனக்கும் அதுதான் முதல் விருப்பம். ஆனால் "ஒன்று போதும்" என்பதை ஏற்க மாட்டேன். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவாயிற்று. இரண்டுக்கும் இடையே 25 கி.மீ. தொலைவுகூட இல்லை, 9 கி.மீ. கட்டத்தில் அது மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடும். மூன்று கட்டத்துக்குள் 20 செ.மீ. வேறுபாடு வரும் ஊரில், தெரு அளவுக்குத் துல்லியம் என்று எந்தச் செயலி சொன்னாலும் அது விளம்பரம். இந்திய வானிலைத் துறை 2025 மே மாதத்தில் 6 கி.மீ. கட்டம் கொண்ட பாரத் முன்னறிவிப்பு முறையைக் கொண்டுவந்திருக்கிறது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதே நண்பர்: இருந்தாலும் ஐரோப்பியப் படம் ஒன்று அனுப்புகிறேன், பதினான்காம் நாள்...

வேண்டாம். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கடலுக்குப் போகலாமா என்று எதில் பார்ப்பது?

அலையும் கடல் நீரோட்டமும் என் துறை அல்ல. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அறிவிப்பையும், வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பின்பற்றுங்கள். செயலியை நம்பிப் படகை இறக்காதீர்கள்.

கேள்வி: இடி மின்னலுக்குத் தனிச் செயலி உண்டா?

தாமினி. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது. அருகில் மின்னல் விழுவதை எச்சரிக்கும்.

கேள்வி: இலவசச் செயலி எப்போதும் இருப்பிட அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

"பயன்படுத்தும்போது மட்டும்" என்று கொடுங்கள்; அல்லது ஊர்ப் பெயரைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். மழை பார்க்க 9 கி.மீ. கட்டம் தெரிந்தால் போதும், நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்பது தேவையில்லை. வெதர் சேனல் செயலி பயனாளர்களின் இருப்பிடத் தகவலைக் கையாண்ட விதம் குறித்து லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2019-இல் வழக்கே தொடுத்தது. 2020-இல் அது சமரசத்தில் முடிந்தது. மின்னல் எச்சரிக்கைச் செயலிக்கு மட்டும் இதில் விலக்கு அளிக்கலாம்.

கேள்வி: எல்லாம் சரி, கடைசியாக எது நல்ல செயலி?

முதல் பதில்.

கேள்வி: மூன்று வாரம் கழித்து மகளின் திருமணம். அன்று மழை வருமா?

வாழ்த்துகள். மண்டபத்துக்குக் கூரை இருக்கட்டும்.

"ஓரிரு இடங்களில்" என்று வாதாடிய நண்பரின் கடைசிக் கேள்வி: எங்கள் தெருவில் எவ்வளவு பெய்தது என்று நானே அளக்க என்ன வேண்டும்?

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும். உள்ளே நிற்கும் நீரின் உயரம்தான் மழையளவு. சுவரும் மரமும் மறைக்காத வெட்டவெளியில் வையுங்கள். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்பதால், அந்த நேரத்திலேயே அளந்து கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளிதழில் வரும் அளவோடு ஒப்பிட முடியாது. பூந்தொட்டிகளுக்கு நடுவே மட்டும் வைத்துவிடாதீர்கள். நான் தொடங்கிய முதல் வாரத்தில், ஒரு மேகமும் இல்லாத நாளில் 6 மி.மீ. குறித்து வைத்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றியது என் மனைவி.