சொல்லாமலே செய்தால் தப்பா?

கேள்வி: என் மகன் அக்னிவீரராக, ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. பாலம் போடும் பயிற்சியில் இரண்டு பின்களில் கிளிப் இல்லாததைப் பார்த்து, யாரும் சொல்லாமலே மாட்டியிருக்கிறான். "உன்னை யார் தொடச் சொன்னது?" என்று ஹவில்தார் திட்டிவிட்டாராம். கூட இருக்கும் பையன்களும் கிண்டல் செய்கிறார்கள். "சொன்னதை மட்டும் செய்" என்று சொல்லிவிடட்டுமா? எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதாரை யூனிட்டில் பேசச் சொல்லட்டுமா?
— ஒரு தாய், அல்சூர், பெங்களூரு

பதில்: சகோதரி, தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் மகனிடம் இருப்பது எல்லோருக்கும் வாய்க்காத குணம்.

ராணுவம் துண்டு துண்டாக இணைத்துப் போடும் இரும்புப் பாலம்தான் பெய்லி பாலம். அதன் ஒரு துண்டு, அதாவது பேனல், சுமார் 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். பேனலோடு பேனலை இணைப்பது அந்தப் பின்தான். அது நழுவாமல் பிடித்துக்கொள்வது அந்தச் சின்ன கிளிப். 2024-ல் வயநாடு நிலச்சரிவின்போது, உங்கள் ஊரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் தலைமையகமான எம்.இ.ஜி. சென்டரைச் சேர்ந்த சாப்பர்கள்தான் சூரல்மலையில் 190 அடி பாலத்தை இரவு பகலாகப் போட்டு, ஆகஸ்ட் 1-ல் முடித்தார்கள். முன்னின்று நடத்தியவர் மேஜர் சீதா ஷெல்கே. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு பின் பக்கத்திலும் அதிகாரி வந்து நிற்க முடியுமா? பார்த்தவன்தான் கவனித்தாக வேண்டும்.

அதற்காக ஹவில்தார் மேலும் தப்பில்லை. அந்தப் பாலத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தனக்குத் தெரியாமல் ஒருவன் கை வைத்தால், எது சரிபார்த்தது, எது பார்க்காதது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் மகனிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: கண்ணில் பட்டதும் வாயைத் திற. "உஸ்தாத், இங்கே ரெண்டு கிளிப் இல்லை, போடட்டுமா?" இப்படிக் கேட்கிறவனிடம் நாளைக்கு அவரே, "நீயே போய்ப் பார்த்துட்டு வா" என்பார். அப்புறம் இன்னும் நாலு பேரையும் கூட அனுப்புவார். பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனை நடத்தும் நாயக்குகளும் ஹவில்தார்களும் இப்படிப் படிப்படியாக வளர்ந்தவர்கள்தான்.

கிண்டல் கொஞ்ச நாளில் அடங்கிவிடும். அக்னிவீரர்களின் நான்கு ஆண்டுப் பணி முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் எப்படி வேலை செய்தான் என்பதும் அதில் கணக்கு. ஒதுங்கி நிற்கப் பழகினால் நஷ்டம் அவனுக்குத்தான்.

சுபேதார் ஐயா யூனிட்டில் பேசவே வேண்டாம். அவன் அங்கே சம்பாதித்துக்கொண்டிருக்கும் மரியாதையை அது கெடுத்துவிடும். லீவில் வரும்போது மகனை அவரிடம் அனுப்புங்கள். அவர் வாங்கிய திட்டுகளைச் சொல்லட்டும்.