நான்காவது முறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரே தேர்வை நான்காவது முறையாக எழுதித் தோற்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் கூடுதலாகப் படித்தேன். தோல்விதான் வெற்றியின் முதல் படி என்கிறார்கள். நான்கு படி ஏறியும் நிற்கும் இடம் மாறவில்லை. தோல்வி எனக்கு எதைக் கற்றுத்தந்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதத்தில் 'கூடுதலாக' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். நான்கு முறையும் கூட்டியிருக்கிறீர்கள். எதையாவது மாற்றினீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

ரைட் சகோதரர்களின் 1901ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1903இல் பறந்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு 1901தான் முக்கியம். அந்தக் கோடையில் அவர்கள் கொண்டுபோன கிளைடர் (என்ஜின் இல்லாத விமானம்), கணக்குப்படி தர வேண்டிய தூக்கும் விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தந்தது. மனம் உடைந்துதான் வீடு திரும்பினார்கள். ஆனால் 'மூன்றில் ஒரு பங்கு' என்று எப்படிச் சொல்ல முடிந்தது? எவ்வளவு வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். கயிறு கட்டிப் பட்டம்போல் காற்றில் பறக்கவிட்டு எவ்வளவு வந்தது என்றும் அளந்தார்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் கையில் மிஞ்சுவது வருத்தம் மட்டும்தான்.

இடைவெளி தெரிந்ததும் அவர்களுக்குக் கணக்கின் மீதே சந்தேகம் வந்தது. நூறாண்டுக்கும் மேலாகப் பொறியாளர்கள் நம்பிவந்த காற்றழுத்த எண், அதாவது காற்று ஒரு பரப்பை எவ்வளவு விசையோடு தள்ளும் என்று கணக்கிட உதவும் எண், 0.005. அவர்கள் கண்டடைந்தது சுமார் 0.0033. தங்கள் சைக்கிள் கடையில் 6 அடி நீள மரப்பெட்டியில், காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் அமைத்து, ரம்பத் தகட்டிலும் சைக்கிள் கம்பியிலும் விசையை அளக்கும் தராசு செய்து, ஏறத்தாழ 200 சிறகு வடிவங்களைச் சோதித்தார்கள். அந்த எண்களை வைத்துக் கட்டிய 1902 கிளைடர் கணக்குச் சொன்னபடி எழுந்தது. தவறு உழைப்பில் இல்லை, அதில் பெரும்பங்கு பலரும் நம்பிவந்த ஓர் எண்ணில் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 1 ராக்கெட்டும் மூன்று முறை தோற்றது. 2006இல் எரிபொருள் கசிவு, 2007இல் தொட்டிக்குள் திரவம் அலைந்த அலைச்சல், 2008 ஆகஸ்ட்டில் பிரிந்த கீழ்க் கட்டம் பின்னாலிருந்து மேல் கட்டத்தில் மோதியது. ஒரே தோல்வி இருமுறை வரவில்லை. அடுத்த மாதமே நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது.

என் முதல் நாவலை மூன்று முறை முதல் பக்கத்திலிருந்து திருப்பி எழுதினேன். மூன்றையும் படித்த நண்பர் ஒரே அத்தியாயத்தில்தான் கீழே வைத்திருக்கிறார். நான்காண்டு கழித்துத்தான் அதை அவரிடம் கேட்டேன். அந்த நான்காண்டை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

உங்களிடம் நான்கு முடிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு வரும் என்று நினைத்தீர்கள், எவ்வளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கிலும் ஒரே பகுதியில் சறுக்கியிருந்தால், நேர்ந்தது ஒரே தோல்விதான், நான்கு முறை. அங்கே தெரியாமல் விட்டீர்களா, தெரிந்தும் நேரம் போதவில்லையா, தெரியும் என்று நம்பித் தவறாக எழுதினீர்களா என்று பிரியுங்கள். மூன்றாவதுதான் ஆபத்தானது, அது உங்களுடைய 0.005.

பிரித்துப் பார்த்தபின் இந்தத் தேர்வே வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் அந்தத் தாளைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். எழுதியதும் எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.